அனெக்ஸ் உள்ள வீட்டுக்குக் கூடுதலாகக் கட்டிய ஸ்டாம்ப் டியூட்டியைத் திரும்பப் பெறுவது எப்படி?

என் தங்கையும் அவள் கணவரும் 2025 ஜூன் 27 அன்று இங்கிலாந்தில் கெண்ட் பக்கம் ஒரு வீடு வாங்கினார்கள். விலை 6 லட்சம் பவுண்டு. கொல்லைப்புறத்தில், முன்பு கார் ஷெட்டாக இருந்ததை மாற்றிக் கட்டிய சின்ன அனெக்ஸ் ஒன்று. ஒரு படுக்கையறை, குளியலறை, இரண்டு அடுப்பு வைத்த சமையல் மேடை, தனி வாசல். முழங்கால் வலியால் மாடி ஏற முடியாத மாமியாருக்காகத்தான் அந்த வீட்டையே தேர்ந்தெடுத்தார்கள். வீடு வாங்கும் வேலையைப் பார்த்த வக்கீலான சொலிசிட்டர், கணக்கை முடித்து அனுப்பிய தாளில் ஸ்டாம்ப் டியூட்டி 50,000 பவுண்டு என்று இருந்தது. போனில் கேட்டபோது, "ரெண்டு வீடா கணக்காம் அண்ணா, அதான் கூட வருதுன்னு சொன்னாங்க" என்றாள். அவர்கள் கட்டியிருக்கவேண்டியது 20,000 பவுண்டுதான். 30,000 பவுண்டு தேவையில்லாமல் போயிருந்தது.

அந்தப் பணம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அதற்காகப் படித்துத் தெரிந்துகொண்டபோது ஒன்று புரிந்தது. "அனெக்ஸ் இருக்கிறதா? வரியில் பெரிய தொகை திரும்ப வரும்" என்று வீடு தேடி வரும் கடிதங்கள் பேசுவது வேறு விஷயம், எங்களுக்குக் கிடைத்தது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கிலாந்தில் முதல்முறை பெரிய வீடு வாங்கும் நம் ஆட்களுக்காக அதைப் பிரித்துச் சொல்கிறேன். இது இங்கிலாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் 2015 முதலும் வேல்ஸில் 2018 முதலும் தனி வரி, தனிச் சட்டம்.

முதல் படி: எந்தப் பணத்தைக் கேட்கிறீர்கள்?

அனெக்ஸ் உள்ள வீட்டில் இரண்டு வகையான கோரிக்கைகள் பேசப்படும்.

ஒன்று, பல குடியிருப்புச் சலுகை. 2011இல் வந்தது. ஒரே நேரத்தில் இரண்டு குடியிருப்புகள் வாங்கினால், மொத்த விலையை இரண்டாக வகுத்து, அந்தச் சராசரி விலைக்கு வரி போட்டு, அதை இரண்டால் பெருக்கிக் கட்டலாம். மொத்த விலையில் 1 சதவீதத்துக்குக் கீழே மட்டும் போகாது. 6 லட்சம் பவுண்டு வீட்டுக்கு 2023இல் சாதாரண வரி 17,500 பவுண்டு. இந்தச் சலுகை கிடைத்தால் 6,000 பவுண்டு. அதனால்தான் அனெக்ஸ் என்ற சொல்லைச் சுற்றி ஒரு தொழிலே வளர்ந்தது. ஆனால் 2024 மார்ச் 6 பட்ஜெட்டில் இந்தச் சலுகையை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அந்த வருடம் ஜூன் 1 முதல் அது இல்லை. அதற்கு முன் வாங்கியவர்களும் ஸ்டாம்ப் டியூட்டிக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கேட்டிருக்கவேண்டும். 2024 மே 31இல் கம்ப்ளீஷன் (முழுப் பணமும் கட்டி வீடு கைக்கு வருவது) முடித்தவருக்கு 2025 ஜூன் 14 கடைசி. அது தாண்டிவிட்டது. மார்ச் 6 அல்லது அதற்கு முன் ஒப்பந்தம் பரிமாறிக்கொண்டு, வெகு தாமதமாகக் கம்ப்ளீஷன் முடித்தவர்களுக்கு மட்டும் ஒரு சின்னச் சந்து இருக்கிறது. மற்றவர்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. "நாலு வருஷம் வரை கேட்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேட்க மறந்த சலுகையை நாலு வருட விதியின் கீழ் கேட்க முடியாது என்று சட்டமே சொல்கிறது.

இன்னொன்று, கூடுதல் விகிதம். ஏற்கெனவே ஒரு வீடு வைத்திருப்பவர்கள் இன்னொன்று வாங்கும்போதும், ஒரே நேரத்தில் இரண்டு வீடு வாங்கும்போதும் கட்டும் சர்சார்ஜ் இது. 2016 ஏப்ரல் 1இல் 3 சதவீதமாகத் தொடங்கியது. 2024 அக்டோபர் 31 முதல் 5 சதவீதம். கூடுதல் விகிதத்தைத் தவறாகக் கட்டியிருந்தால் அது சலுகை கேட்பதில்லை, பிழை திருத்தம். என் தங்கை விஷயம் இதுதான். இனி இந்தக் கட்டுரை முழுவதும் இதைப் பற்றித்தான்.

இரண்டாம் படி: உங்களுக்குக் கூடுதல் விகிதம் வந்திருக்கவேண்டுமா?

2016இல் இந்த வரி வந்த புதிதில், பாட்டிக்கு ஒரு அறை கட்டி வைத்திருக்கும் வீட்டுக்கும் இரண்டு வீட்டுக் கணக்கா என்று பத்திரிகைகளில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அதே வருட நிதிச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கைச் சேர்த்தார்கள். துணைக் குடியிருப்பு விதி என்று சொல்லலாம். இரண்டே நிபந்தனைகள்.

அனெக்ஸ், பெரிய வீட்டின் அதே கட்டடத்திலோ அதே வளாகத்திலோ இருக்கவேண்டும். அப்புறம், மொத்த விலையைப் பெரிய வீட்டுக்கும் அனெக்ஸுக்கும் நியாயமாகப் பிரித்தால், பெரிய வீட்டின் பங்கு மூன்றில் இரண்டு பங்காவது வரவேண்டும். இரண்டும் சரியாக இருந்தால், அனெக்ஸ் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கூடுதல் விகிதம் போடக்கூடாது.

தங்கை வீட்டில் சர்வேயர் பிரித்துக் கொடுத்தது: பெரிய வீடு 4,80,000, அனெக்ஸ் 1,20,000 பவுண்டு. 6 லட்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு 4 லட்சம். தாராளமாகத் தேறியது. அதே விலைக்கு, பழைய தானியக் களஞ்சியத்தை மூன்று படுக்கையறை வீடாக மாற்றிய ஓர் இடம் கூடவே வந்து, அதன் மதிப்பு 2,20,000 என்றால்? பெரிய வீடு 3,80,000தான். நிபந்தனை போய்விட்டது, மொத்த விலைக்கும் கூடுதல் விகிதம் வரும். பிரிப்பது சதுர அடிக் கணக்கு அல்ல, மதிப்புக் கணக்கு என்பதையும் நினைவில் வையுங்கள். பொதுவாகத் தோட்டமும் முன்வாசலும் பெரிய வீட்டின் மதிப்பைத்தான் கூட்டுகின்றன.

இங்கே ஒரு நல்ல செய்தி. அனெக்ஸ் உண்மையிலேயே தனிக் குடியிருப்பா இல்லையா என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. தனிக் குடியிருப்பு என்றால், அந்த இரண்டு நிபந்தனையும் தேறும்வரை துணைக் குடியிருப்பு விதி காப்பாற்றும். தனிக் குடியிருப்பு இல்லை என்றால் மொத்தமும் ஒரே வீடு. இரண்டு வழியிலும் அனெக்ஸால் கூடுதல் விகிதம் வராது.

பழைய சலுகையைக் கேட்டவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி உயிர் போகிற கேள்வியாக இருந்தது. 2021இல் மேல் தீர்ப்பாயத்தில் முடிந்த ஃபியாண்டர் வழக்கில், பெரிய வீட்டையும் அனெக்ஸையும் ஒரு சிறிய நடைபாதை இணைத்தது. அதில் அடைக்கக் கதவு இல்லை. யார் வேண்டுமானாலும் நடந்து வரக்கூடிய இடத்தில் தனிமையும் பாதுகாப்பும் எங்கே என்று கேட்டு, சலுகை கிடையாது என்று முடித்துவிட்டார்கள். ஒரு கதவு இல்லாததுதான் அங்கே பெரிய குறையாகிப்போனது.

மூன்றாம் படி: அனெக்ஸை விட்டுவிட்டு உங்களைப் பாருங்கள்

பலர் தவறுவது இங்கேதான். நம் ஆட்களுக்கு இது இன்னும் முக்கியம். அனெக்ஸ் காரணமாகக் கூடுதல் விகிதம் வராவிட்டாலும், வேறு வீடு இருப்பதால் வரலாம். வீடு என்றால் உலகத்தில் எங்கே இருந்தாலும் கணக்கில் வரும். கும்பகோணத்தில் உங்கள் பெயரில் இருக்கும் வீடு, சென்னையில் வாடகைக்கு விட்ட அப்பார்ட்மெண்ட், யாழ்ப்பாணத்தில் பூட்டிக் கிடக்கும் வீடு எல்லாமே. உங்கள் உரிமையின் சந்தை மதிப்பு 40,000 பவுண்டுக்குக் குறைவு என்றால் விட்டுவிடுவார்கள். கடந்த மூன்று வருடத்துக்குள் வாரிசாக வந்த வீட்டில் உங்கள் பங்கு பாதிக்கு மேல் போகவில்லை என்றாலும் பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை. சேர்ந்து வாழும் கணவன் மனைவியை ஒரே ஆளாகப் பார்ப்பார்கள். எனவே மனைவி பெயரில் மாமனார் எழுதிக் கொடுத்த வீடும் இதில் அடங்கும்.

ஆனால் நீங்கள் குடியிருந்த வீட்டை விற்றுவிட்டு, அதற்குப் பதிலாகக் குடியிருக்கவே புது வீட்டை வாங்கினால் ஊரில் இருக்கும் வீடு தடையாகாது. தங்கை கணவருக்குக் கும்பகோணத்தில் வீடு இருக்கிறது. ஆனாலும் குராய்டனில் குடியிருந்த ஃபிளாட்டை அதே நாளில் விற்றுத்தான் கெண்ட் வீட்டுக்குப் போனார்கள். அதனால் கூடுதல் விகிதம் கிடையாது. வாடகைக்கு இருந்துவிட்டு, ஊரில் வீட்டை வைத்துக்கொண்டு, இங்கே முதல் வீடு வாங்கியிருந்தால் கதை வேறு. கூடுதல் விகிதம் சரியாகவே போட்டிருப்பார்கள். அப்படியானால் இந்தக் கோரிக்கையைத் தொடங்கவேண்டாம்.

புது வீட்டை முதலில் வாங்கி, பழைய குடியிருப்பை அப்புறம் விற்றவர்கள் வேறு வழியில் போகவேண்டும். மூன்று வருடத்துக்குள் விற்றால் கூடுதல் தொகை திரும்ப வரும்; விற்ற நாளிலிருந்து 12 மாதத்துக்குள், அல்லது புது வீட்டுக்கான கணக்கின் கடைசி நாளிலிருந்து 12 மாதத்துக்குள், எது பிந்தியதோ அதற்குள் கேட்கவேண்டும். அதற்கு பிரிட்டன் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யின் தளத்தில் தனிப் படிவமே இருக்கிறது.

நான்காம் படி: தாளை எடுத்துப் பாருங்கள்

சொலிசிட்டரிடம் இரண்டு தாள் கேளுங்கள். அவர் தாக்கல் செய்த எஸ்.டி.எல்.டி.1 கணக்கின் நகல். அதைப் பெற்றுக்கொண்டு எச்.எம்.ஆர்.சி. தந்த எஸ்.டி.எல்.டி.5 சான்றிதழ். கணக்கின் முதல் கேள்வியே சொத்து என்ன வகை என்பதுதான். 01 என்றால் சாதாரணக் குடியிருப்பு. 04 என்றால் கூடுதல் குடியிருப்பு. தங்கையின் தாளில் 04 என்று இருந்தது. 30,000 பவுண்டுப் பிழை அந்த ஒரு கட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தது.

பிறகு தொகையை நீங்களே கூட்டிப் பாருங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் சாதாரண விகிதம்: முதல் 1,25,000 பவுண்டுக்கு ஒன்றுமில்லை, அடுத்து 2,50,000 வரை 2 சதவீதம், அடுத்து 9,25,000 வரை 5, அடுத்து 15 லட்சம் வரை 10, அதற்கு மேல் 12. 6 லட்சத்துக்கு 2,500 உம் 17,500 உம் சேர்த்து 20,000. கூடுதல் விகிதம் என்றால் ஒவ்வொரு படியிலும் 5 சதவீதம் ஏறும், மொத்தம் 50,000. நீங்கள் வாங்கிய நாளில் என்ன விகிதம் இருந்ததோ அதைத்தான் போடவேண்டும். 2022 செப்டம்பர் 23 முதல் 2025 மார்ச் 31 வரை முதல் 2,50,000 பவுண்டுக்கு வரி இல்லை.

கூடுதல் 2 சதவீதம் தெரிந்தால் அது வேறு: வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு 2021 ஏப்ரல் முதல் உள்ள சர்சார்ஜ். வாங்கிய நாளை ஒட்டி, 365 நாள் கொண்ட ஒரு தொடர்ச்சியான காலத்தில் 183 நாளாவது பிரிட்டனில் இருந்திருந்தால் அதையும் இரண்டு வருடத்துக்குள் திரும்பக் கேட்கலாம்.

ஐந்தாம் படி: நாள் கணக்கு

இரண்டு கெடு உண்டு. கம்ப்ளீஷனிலிருந்து 14 நாளில் கணக்குத் தாக்கல் செய்யவேண்டும். அந்தக் கடைசி நாளிலிருந்து 12 மாதம் வரை கணக்கைத் திருத்தலாம். தங்கைக்குக் கடைசி நாள் 2025 ஜூலை 11. எனவே 2026 ஜூலை 11 வரை வெறும் திருத்தக் கடிதம் போதும்.

அது தாண்டிவிட்டால், கூடக் கட்டிய வரிக்கான நிவாரணம் என்று கேட்கவேண்டும். கம்ப்ளீஷனிலிருந்து நான்கு வருடம் அவகாசம். ஆனால் முதல் 12 மாதத்திலேயே பிழை தெரிந்திருந்தும், அல்லது தெரிந்திருக்கவேண்டிய நிலையிலும் சும்மா இருந்தீர்கள் என்றால், எச்.எம்.ஆர்.சி. அதையே காரணம் காட்டி மறுக்கலாம். தெரிந்த அன்றே எழுதுங்கள்.

ஆறாம் படி: கடிதம்

கடிதம் ஆங்கிலத்தில்தான் போகவேண்டும். ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம் போதும். இதற்கு ஆலோசகர் வேண்டும் என்று பயப்படவேண்டாம். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதி முடித்தோம்.

முதல் வரியிலேயே இது கணக்குத் திருத்தமா, கூடக் கட்டிய வரிக்கான நிவாரணக் கோரிக்கையா என்று தெளிவாகச் சொல்லுங்கள். அடுத்து எஸ்.டி.எல்.டி.5இல் உள்ள 11 எழுத்து கொண்ட பரிவர்த்தனை எண், வீட்டு முகவரி, கம்ப்ளீஷன் தேதி, வாங்கியவர்கள் பெயர். பிறகு முதல் கேள்விக்கு 04 என்று போட்டது தவறு, 01 என்று இருக்கவேண்டும் என்ற வரி. கட்டிய தொகை, கட்டவேண்டிய தொகை, வித்தியாசம். காரணத்தை உண்மை விவரத்தோடு எழுதுங்கள்: அனெக்ஸ் எங்கே இருக்கிறது, மதிப்பு எப்படிப் பிரிந்தது, மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவு, முந்தைய குடியிருப்பை எந்தத் தேதியில் விற்றீர்கள். 2003 நிதிச் சட்டத்தின் அட்டவணை 4இசட்.ஏ.-வில் உள்ள துணைக் குடியிருப்பு விதி என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். படிக்கிறவருக்கு வேலை குறையும்.

நிவாரணக் கோரிக்கை என்றால் இன்னும் இரண்டு வேண்டும். இதே விஷயத்தில் முன்பு மேல்முறையீடு செய்தீர்களா இல்லையா என்ற வரி. சொன்னதெல்லாம் எனக்குத் தெரிந்தவரை சரி, முழுமை என்ற உறுதிமொழி. இருவர் சேர்ந்து வாங்கியிருந்தால் இருவருமே கையெழுத்துப் போடுங்கள்.

கூட வைக்கவேண்டியவை: வாங்கிய ஒப்பந்தத்தின் நகல், உரிமை மாற்றப் பத்திரமான டி.ஆர்.1 நகல். இந்த இரண்டும் இல்லாமல் பணம் திரும்பக் கேட்கும் திருத்தத்தை ஏற்கமாட்டார்கள். அதோடு சர்வேயர் மதிப்பீட்டுக் கடிதம், வீட்டு ஏஜெண்ட் விளம்பரத்தில் இருந்த தரைப்படம், சில படங்கள், பழைய வீட்டை விற்ற தாள். சர்வேயருக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்காதீர்கள், முக்கியமாக அனெக்ஸ் மதிப்பு மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வந்தால். உள்ளாட்சி வீட்டு வரியான கவுன்சில் டாக்ஸில் அனெக்ஸுக்குத் தனி எண், தனி வரிப் படி இருக்கிறதே என்று கலங்கவேண்டாம். அது மட்டுமே ஸ்டாம்ப் டியூட்டியைத் தீர்மானிக்காது. ஆனால் அதை மறைக்கவும் வேண்டாம்.

பணம் எந்த வங்கிக் கணக்குக்கு வரவேண்டும் என்று எழுத மறக்காதீர்கள். அனுப்பவேண்டிய முகவரி எச்.எம்.ஆர்.சி. தளத்தில், ஸ்டாம்ப் டியூட்டிக் கணக்கைத் திருத்தும் பக்கத்தில் இருக்கிறது. பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

சொலிசிட்டரிடம் சண்டை போடவேண்டுமா?

முதலில் அவரிடமே கேளுங்கள். தவறு அவருடையது என்றால் பலர் கட்டணம் வாங்காமலே திருத்திக் கொடுப்பார்கள். தங்கையின் சொலிசிட்டர், "எச்.எம்.ஆர்.சி. கால்குலேட்டர் அப்படித்தான் காட்டியது" என்று ஒரு மின்னஞ்சலோடு நிறுத்திக்கொண்டார். அப்போதுதான் நாங்களே எழுத உட்கார்ந்தோம். தாள்களின் நகலைக் கேட்டபோது மட்டும் தாமதிக்காமல் கொடுத்தார். அது போதுமாக இருந்தது.

தேடி வரும் ஏஜெண்டுகள்

பணம் வந்தால் மட்டும் பங்கு கொடுங்கள் என்று சொல்லும் நிறுவனங்களைப் பற்றி எனக்கு உண்மையிலேயே கவலை. பரிவர்த்தனை விவரம் பொதுப் பதிவில் இருப்பதால், வீடு வாங்கிய கொஞ்ச நாளில் கடிதம் வரும். சரியான பிழை திருத்தத்துக்கே பெரிய பங்கு கேட்பார்கள். நீங்களே ஒரு கடிதத்தில் முடிக்கக்கூடிய வேலை அது. இதைவிட மோசம், இல்லாத உரிமையைக் கிளப்புவது. சுவரில் ஈரம், பழைய வயரிங் இருந்தால் அது வீடே இல்லை, குடியிருப்பு வரி கிடையாது என்று சொல்லிப் பலரைக் கோரிக்கை போட வைத்தார்கள். பழுது பார்த்தால் சரியாகிவிடும் வீடு வீடுதான் என்று 2025இல் முடான் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எச்.எம்.ஆர்.சி. பல நேரம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் சரிபார்க்கும். ஏஜெண்ட் தன் பங்கை எடுத்துக்கொண்டு போயிருப்பார். கோரிக்கை தவறு என்றால் முழுத் தொகையும் வட்டியும் நீங்கள்தான் கட்டவேண்டும். கவனக்குறைவு என்று முடிவு செய்தால் அபராதம் 30 சதவீதம் வரை போகும். கையெழுத்து உங்களுடையது. ஏற்கெனவே ஒருவர் மூலம் பல குடியிருப்புச் சலுகை வாங்கிவிட்டு, உங்கள் வீட்டுக்கும் அனெக்ஸுக்கும் நடுவில் கதவே இல்லை என்பது இப்போது உறைத்தால், எச்.எம்.ஆர்.சி. கடிதம் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே போய்ச் சொல்வது அபராதத்தைக் குறைக்கும்.

மறுத்துவிட்டால்

முடிவு வந்த 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், அல்லது முதல்நிலைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தீர்ப்பாயத்துக்குக் கட்டணம் இல்லை. மதிப்புப் பிரிப்பில்தான் தகராறு என்றால் ஒரு நல்ல சர்வேயர் கடிதம் அங்கேயும் உதவும்.

தங்கைக்குப் பணம் கணக்கில் ஏறியது மூன்றாவது மாதம். வந்த அன்றே மாமியார் அறைக்குப் புது ஹீட்டிங் போடலாம் என்று மாப்பிள்ளை கிளம்பினார், நான்தான் நிறுத்தினேன். திருத்தம் போன நாளிலிருந்து ஒன்பது மாதம் வரை எச்.எம்.ஆர்.சி. விசாரணை தொடங்கலாம். அதுவரை அந்த 30,000 பவுண்டு தனி சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. ஒப்பந்தம், தரைப்படம், சர்வேயர் கடிதம், தபால் ரசீது எல்லாம் ஒரே கோப்பில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறார்கள். இந்தத் தாள்களை வாங்கிய நாளிலிருந்து ஆறு வருடம் வைத்திருக்கவேண்டும்.